சரக்கு விமானிக்கு என்னென்ன தகுதி வேண்டும்?

சரக்கு விமானி வேலைக்குக் கம்பெனிக்காரர்கள் கேட்கும் தகுதிகள் ஒரு பக்கம் வரும். எங்கள் ஆரணியில் கேட்பவை மூன்று பக்கம் வரும். லைசென்ஸை பீரோவில் பூட்டிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

ஐந்நூறு மணி நேரம்

நான் பார்த்த முதல் விளம்பரத்தில், குறைந்தது ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்தது இருநூற்றுப் பத்து. அப்பா பட்டு நெய்கிறவர். நெய்யத் தொடங்குமுன், தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவில், பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்க்கவே அவருக்கு நாள்கணக்கில் ஆகும். அதுவும் வேலைதானே என்பது அவர் கட்சி. நான் பறந்த நேரத்தின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். குறை கண்டுபிடித்துவிட்டார்.

"மேல போனத மட்டும் எழுதிகினு வந்துகிறியே, மழ வுடட்டும்னு பிளேன் பக்கத்துல குந்தினு இருந்தியே, அத யாரு எழுதறது?"

விளக்குப் பரிசோதனை

சென்னையில் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் லைசென்ஸ் வெறும் காகிதம். இருட்டறையில் டாக்டர் சின்னச் சின்ன விளக்குகளாகக் காட்டி நிறம் கேட்டார். பயத்தில் எனக்கு வீட்டு வழக்கமே வாயில் வந்தது. "அரக்கு," என்றேன். அடுத்ததற்கு, "கிளிப்பச்சை." மூன்றாவதற்கு, "சந்தனம் கலந்த வெள்ளை." டாக்டர் விளக்கை நிறுத்திவிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

"சிவப்பு, பச்சை, வெள்ளை, அவ்வளவு சொன்னா போதும்மா, நான் புடவை எடுக்க வரல."

ஆள் ஏறாத விமானம்

என் விமானத்தில் பயணிகள் யாரும் இருக்க மாட்டார்கள், பெட்டிகள்தான் என்று எதிர்வீட்டு அக்காவுக்கு விளக்கினேன். அவருக்கு மனசே ஆறவில்லை.

"அவ்ளோ தூரம் யாருகிட்டம்மா பேசிகினு போவ?"

ஆறு மாதம்

கடைசியில் ஒரு கம்பெனி இருநூறு மணி நேரம் போதும் என்றது. துள்ளிக் குதித்தேன். அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்: கடந்த ஆறு மாதத்துக்குள் விமானம் ஓட்டியிருக்க வேண்டும். நான் ஓட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பப் போய்ப் பறக்க வேண்டும். அதற்கான பணத்துக்கு வீட்டில் வழியில்லை.

எங்கள் வீட்டில் பெண்ணின் முகூர்த்தப் புடவையை அப்பாவே நெய்வது வழக்கம். எனக்கானது அப்போது தறியில் இருந்தது. அப்பா நெய்து முடித்தார், அறுத்தார், மடித்தார், சைக்கிளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது சைக்கிளில் புடவை இல்லை, சட்டைப் பையில் பணம் இருந்தது. வாசலிலேயே நான் அழுதுவிட்டேன். அவருக்கு என் மேல் கோபம்தான் வந்தது.

"பொடவ இன்னொண்ணு நெய்யலாம், கடைசித் தேதி போச்சுன்னா அத எந்தத் தறியில நெய்யறது? ஜல்தியா கெளம்பு!"

கிளம்பினேன், பறந்தேன், தேறினேன். இன்று ஒரு சரக்கு விமானத்தில் துணை விமானியாக இருக்கும் எனக்கு, உத்தியோகத்துக்கு வேண்டிய தகுதியெல்லாம் வந்துவிட்டது, கல்யாணத்துக்கு வேண்டிய புடவைதான் இல்லை.