கையுறையோடு கடித்த நெல்

2020ஆம் ஆண்டின் டைரியில் புரட்டாசி மாதப் பக்கங்களை எடுத்தால், பாதியில் மழை இருக்கிறது. மீதியில் என் தம்பியின் கையுறை இருக்கிறது. அவ்வளவு எரிச்சல்.

காரணம் என் மனைவி. அந்த மாசியில்தான் அவளுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தோம். உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். "இவங்களுக்குக் கொரோனா வந்துட்டா நான் எதுவும் உறுதி சொல்ல முடியாதுங்க" என்று தஞ்சாவூர் டாக்டர் கைவிரித்துவிட்டார். அவள் உள்ளறையை விட்டு வருவதில்லை. வயல், கடை, ஒரத்தநாட்டில் மாத்திரை வாங்குவது எல்லாம் தம்பி பொறுப்பு.

கையுறைப் பெட்டி வாங்கிக் கொடுத்தவன் நான். ஒரு வேலை முடிந்ததும் கழற்றி எறி, முகத்தைத் தொடாதே என்று எழுதிக் கதவிலும் ஒட்டினேன். அவன் காலையில் மாட்டினால் இருட்டும்வரை கழற்ற மாட்டான். பிறகு சோப்புப் போட்டு அலசிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைப்பான். "நல்லாத்தாண்ணே இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்?"

குறுவை அறுத்ததும் கொள்முதல் நிலையத்துக்கு நானும் போக வேண்டியதாயிற்று. நிலத்துச் சிட்டா என் பெயரில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கொரு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டோம். களத்தில் வரிசையாக நெல் குவியல்கள். ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால், காத்திருப்பவர்கள் ஒருவர் குவியலை ஒருவர் சோதிப்பது அங்கே வழக்கம். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். சத்தத்தில் நெல்லின் காய்ச்சல் தெரிந்துவிடும்.

தம்பி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கையுறையோடு ஆறு குவியல்களில் அள்ளி ஆறு நெல்லைக் கடித்தான்.

"ஏன்டா, பிறகு எதுக்குடா அந்த உறை?"

"அது கைக்குண்ணே. வாய்க்கா மாட்டியிருக்கேன்?"

பக்கத்துக் குவியல்காரர் சிரித்தார். "டாக்டர் வந்து நம்ம நெல்லுக்கு நாடி பாக்குறாரு. ஊசி மட்டும் போட்டுறாதீங்க, தம்பி."

திரும்பும் வழியில் மாத்திரை வாங்கினான். வீட்டுக்கு வந்து, அதே கையுறையோடு அட்டையை உள்ளறை ஜன்னலில் அவளிடம் நீட்டினான். நான் பாய்ந்து பிடுங்கி முற்றத்து வெயிலில் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் பைக்கில் சாய்ந்து நின்றான்.

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று டைரியை எடுத்து உட்கார்ந்தேன். எத்தனை மணி, எத்தனை குவியல், யார் பார்த்தது.

"என்னங்க," என்றாள் ஜன்னலுக்குள்ளிருந்து. "இப்ப என்ன செஞ்சீங்க?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"பக்கத்தத் திருப்ப விரல நாக்குல வச்சீங்க. கையில உறை இருக்கு."

பார்த்தேன். இருந்தது. காலையில் மாட்டியது.

"அங்க கையெழுத்துப் போடும்போதும் அண்ணன் அப்படித்தான் திருப்புனாங்க, அண்ணி," என்றான் தம்பி. "பெரியவங்க, நான் என்னத்தச் சொல்றது?"

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் மோட்டார் கொட்டகைக்குப் போங்க. பதினாலு நாளைக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. சமைச்சு வெளியில வச்சுட்டுக் கதவச் சாத்திக்குவேன். மாத்திரைய நானே சோப்புத் தண்ணியில தொடச்சு எடுத்துக்குறேன். அந்தக் கையுறைப் பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போங்க, எனக்குப் பாக்கவே பயமா இருக்கு."

கொட்டகையில் தினம் இருமுறை இருவருக்கும் காய்ச்சல் பார்த்து எழுதினேன். ஐந்தாம் நாள் சாப்பாடு எடுக்கப் போனபோது உள்ளே அவள் இருமியது கேட்டது. அன்றைய பக்கத்தில் வேறெதுவும் எழுதவில்லை. மறுநாள் கதவுக்கு வெளியே நின்று, ஏன் இருமினாய் என்று கேட்டேன்.

"மிளகா வறுத்தேங்க," என்றாள். "போய்க் கையக் கழுவுங்க."