அச்சில் வந்தது எத்தனை?

இதுவரை நாற்பத்தொரு எழுத்தாளர் அறிமுகங்கள் எழுதியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சிற்றிதழ் ஒன்றில் கடைசிக்கு முந்தைய இரண்டு பக்கங்கள் எனக்கு. மலேசியாவின் கெடா மாநிலத்தில் இன்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் மட்டும். முதல் வரியில் எப்போதும் ஓர் எண் இருக்கும்: இவர் அறுபத்து மூன்று சிறுகதைகள் எழுதியவர், இவர் நான்கு நூல்கள் வெளியிட்டவர். வாய்ச்சொல்லை நம்பி அந்த எண்ணைப் போடுவதில்லை. பத்திரிகை நறுக்குகளைக் கொண்டுவரச் சொல்வேன். பாடாங் செராயில் என் வீட்டு மேசையில் பரப்பி, இரண்டு முறை எண்ணுவேன். முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து பால் எடையைப் பதிந்தவன். பழக்கம் விடவில்லை.

நாற்பத்திரண்டாவதாக வந்தவர் மெர்போக்கைச் சேர்ந்த ஓர் அம்மாள். ஐம்பத்தெட்டு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்துக் கதைகளைச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து, இணையத்தில் சொந்தமாக ஓர் ஒலி அலைவரிசை நடத்திவந்தார். "முதல்ல கேட்டுப் பாருங்க சார், இப்ப ஆளுங்க இவங்களத்தான் கேக்குறாங்க" என்று இதழாசிரியர் சொல்லியிருந்தார். நான் ஒரு கதைகூடக் கேட்கவில்லை. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"அச்சில வந்தது எத்தனை?"

"ஒன்னுண்ணே. இருபது வருஷம் இருக்கும். அதையும் எலி கடிச்சிருச்சு."

"ஒன்ன வச்சு எப்படிம்மா ரெண்டு பக்கம் எழுதுறது?"

"நூத்திப் பன்னெண்டு கதை சொல்லியிருக்கேன்லா. காடிக்குள்ள உக்காந்து கார்க் கண்ணாடிய ஏத்திவிட்டுத்தான் சொல்லுவேன். வீட்டுல பதிஞ்சா பக்கத்து வீட்டுச் சேவலும் சேந்து கதை சொல்லுது."

அடுப்படியில் என் மனைவி சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை.

"சொன்னது வேற, எழுதுனது வேற. பத்துக் கதைய எழுதிக் கொண்டாங்க. அப்புறம் எழுத்தாளர்னு போடுறேன்."

"பால நிறுக்குற மாதிரி கதைய நிறுக்குறீங்களேண்ணே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "எழுத்தாளர்னு என் பேரு ஒரு தடவ அச்சில வரணும். தொழிற்சாலையில வெட்டிப்பேச்சுக்காரிங்கிறாங்க."

அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு முறை தண்ணீர் கேட்டுக் குடித்தார். தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினார். புது இடத்துக் கூச்சம் என்று நினைத்தேன். எண்ணத் தெரிந்தவனுக்கு என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர் நடுவில் அவருடைய கணவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மாதத் தொடக்கத்தில் தொண்டையில் அறுவைச் சிகிச்சை, குரல்வளையை எடுத்துவிட்டார்களாம்.

"இனிமே பேச்சு வராதுங்கண்ணே. நவம்பர் கடைசி வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. கரகரன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். பத்து கேட்டீங்களாமே, ஏழுதான் முடிஞ்சிச்சு. குடுத்துட்டு வரச் சொன்னா."

நோட்டில் தொண்ணூற்று நான்கு பக்கங்கள். திருத்தமான கையெழுத்து. கதைகளோ பள்ளிக்கூடக் கட்டுரை போல இருந்தன. 'கதிரவன் தன் பொற்கதிர்களை வீசினான்' என்று மூன்று கதைகள் தொடங்கின. எனக்குப் பிடிக்க வேண்டுமென்று எழுதியிருக்கிறார்.

அன்றுதான் அவருடைய அலைவரிசையை முதன்முதலாகத் திறந்தேன். பதினோரு நாளில் நூற்றுப் பன்னிரண்டையும் கேட்டு முடித்தேன். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிடும் கதையில், வராத பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறார். காடிக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. நோட்டில் அதே கதை இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது.

பிறகு தேதிகளைப் பார்த்தேன். கூட்டி வகுத்ததில் மாதத்துக்கு இரண்டு கதை. கடைசிக் கதை, அவர் என் வீட்டுக்கு வந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. குரல் மிச்சமிருந்த எட்டு மாதமும் அவர் காடிக்குள் உட்காரவில்லை; எனக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். எட்டை இரண்டால் பெருக்குவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

அறிமுகத்தை எழுதி எடுத்துக்கொண்டு மெர்போக்குக்குப் போனேன். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கைப்பேசியில் தட்டித் திருப்பிக் காட்டினார்: "இப்ப எல்லாமே எழுத்துதான்ணே. தாராளமா எழுத்தாளர்னு போடலாம்." கணவர் சிரித்தார்.

தாளை நீட்டினேன். முதல் வரி: 'இவர் நூற்றுப் பன்னிரண்டு கதைகள் சொன்ன எழுத்தாளர்.' இரண்டாவது வரி: 'சொல்லப்படாமல் போன பதினாறு கதைகளுக்கு இதை எழுதுபவனே காரணம்.'

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். இரண்டாவது வரியை அடிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லமாட்டாரா என்று ஆசையும் பட்டேன். அவர் கைப்பேசியை எடுத்து நிதானமாகத் தட்டினார்.

"பதினாறு இல்ல. தீபாவளிக்கு எப்பவும் ஒன்னு கூடச் சொல்லுவேன்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, பதினேழு என்று திருத்தினேன்.