கறுப்பனுக்குப் பூசிய வேப்பிலை

பெரியப்பாவின் வெள்ளை வேட்டியில் ஓர் உண்ணி ஏறிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். அதற்குப் போய் எங்கள் கறுப்பனை லாரியில் ஏற்றி, தீவின் அந்தக் கோடியில் இருக்கும் சாங்கிக் கடற்கரையில் விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போவாராம். அப்பா "சரிண்ணே" என்றார். அண்ணன் முன்னால் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. கதவுக்குப் பின்னால் நின்று காப்பியை நீட்டுவதோடு சரி.

நான் விடமாட்டேன் என்றேன். பெரியவங்க பேசும்போது வாயைத் திறக்காதே என்றார் பெரியப்பா. திறந்தேன். கன்னத்தில் பளார் என்று ஒன்று விழுந்தது. அப்போதும் விடமாட்டேன் என்றேன்.

கறுப்பன் மேல் உண்ணி இருந்தது உண்மைதான், இல்லையென்று நான் சாதிக்கவில்லை. காது மடலிலும் விரல் இடுக்கிலும் மிளகு மிளகாக ஒட்டிக்கொண்டிருந்தது. தேக்காவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை. பகலெல்லாம் அங்கேதான் புரளுவான். ஆனால் கொட்டகைக்காரர்கள் கன்றுக்குட்டிக்கு உண்ணி பிடித்தால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் பார்த்திருக்கிறேன். கன்றுக்குக் கேட்கிற மருந்து நாய்க்கு மட்டும் கேட்காதா என்ன?

சனிக்கிழமை கோயிலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் ஏறி, பாவாடை நிறைய ஒடித்துக்கொண்டு வந்தேன். அம்மியில் வைத்து அரைக்க ஆரம்பித்ததும் அம்மா ஓடிவந்தாள். சமைக்கிற அம்மியில் நாய்க்கு மருந்தா, கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று திட்டினாள். நான் பாட்டுக்கு அரைத்தேன். குழவியைப் பிடுங்கினாள். தொலைந்தது என்று நினைத்தேன். அவளோ என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தானே அரைக்க உட்கார்ந்தாள். திப்பி திப்பியாக அரைத்தால் தோலில் ஒட்டாதாம்.

உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டோம். பிறகு காதிலிருந்து வால்வரை விழுதை அப்பினோம். கறுப்பன் எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டே நின்றான். மிச்சமிருந்த கொத்துகளை அம்மா வாசல் நிலையில் செருகினாள். பூச்சி வராமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. நான் அறைக்குள் கறுப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டட்டும், கடித்துவிடுவது என்றே இருந்தேன். பெரியப்பா படியேறி வந்தவர், வேப்பிலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசலில் வேப்பிலை என்றால் வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. எங்கள் ஆட்கள் யாருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை.

அம்மா கதவுக்குப் பின்னால் போகவில்லை. நடுவாசலில் நின்றாள்.

"புள்ளைக்கா?" என்று பெரியப்பா கேட்டார்.

"மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசியிருக்கேன் மாமா. இப்ப நீங்க உள்ள வரவேணாம்" என்றாள் அம்மா.

அவர் அப்படியே பின்வாங்கிப் படியிறங்கிப் போய்விட்டார். அன்று மாலையே எனக்கென்று இளநீர்க் குலை வந்தது. குடித்தேன், ஏன் குடிக்கமாட்டேன்? அவர் மறுபடி வீட்டுப் பக்கம் வருவதற்குள் பூசிப் பூசியே உண்ணியை ஒழித்துவிட்டோம். பளபளவென்று நின்ற நாயைப் பார்த்துவிட்டு அவர் சாங்கிப் பேச்சையே எடுக்கவில்லை. கறுப்பனை நான்தான் காப்பாற்றினேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, லாரி கிளம்பிப் போனதும் அம்மா நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். எனக்கோ அவள் மேல் அடக்கமுடியாத ஆத்திரம். எதிரில் போய் நின்று கத்தினேன்.

"கறுப்பனுக்காக நீ ஒரு வார்த்தைகூடப் பேசலையேம்மா!"