மூன்று மொட்டைகளும் திருப்பதி வேண்டுதலும்

முதலில் கண்ணில் பட்டது கெண்டைக்காலில் இருந்த நீலத் திட்டு. தொண்ணூற்றொன்றில், என் மகள் நித்யாவுக்கு ஐந்து வயது. பள்ளியில் விழுந்திருப்பாள் என்று டைரியில் எழுதினேன். மறுநாள் மூன்று திட்டுகள். எங்கும் விழவில்லை என்றாள். பத்தாம் நாள் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை (இடுப்பெலும்புக்குள்ளிருந்து ஊசியால் சிறிது எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) என்றார்கள்.

சிகிச்சை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். காய்ச்சல், மாத்திரை, வாந்தி எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்தேன். நோயின் பெயரை மட்டும் எழுதவில்லை.

முடி உதிர்ந்தபோது, திருப்பதி வேண்டுதல் என்று மயிலாப்பூரில் எங்கள் தெருவில் சொன்னோம். வளர்ந்தது, மறுபடி உதிர்ந்தது. மூன்றாவது மொட்டையின்போது எதிர்வீட்டு விசாலம் மாமி, "உங்காத்து முடிமேல பெருமாளுக்கு அப்படி என்ன ஆசை?" என்று கேட்டார். என் மனைவி சிரித்து வைத்தாள். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் இந்த நோய் குறுக்கே நிற்கக் கூடாது என்று நாங்கள் நினைத்தோம்.

நித்யா பிழைத்தாள். பதின்மூன்று வயதில், வருடாந்தரப் பரிசோதனையின்போது டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "பக்கத்துக் கட்டில் சலீமுக்கும் இதே மருந்துதானே குடுத்தீங்க? அவனுக்கு ஏன் கேக்கலை?"

இறந்துபோன அந்தப் பையனை அவள் நினைவில் வைத்திருப்பதே எனக்குத் தெரியாது.

"தெரியலம்மா," என்றார் டாக்டர். "அதைத் தேடத்தான் ஒரு ஆராய்ச்சிப் பிரிவு ஆரம்பிக்கப் பாக்கறோம். குழந்தைங்க ரத்த சாம்பிளை வருஷக்கணக்கா உறைய வைக்க ஒரு ஃப்ரீசர்கூட இல்லை."

நித்யா அவரிடம் நன்கொடைக்கான ஒரு ரசீதுப் புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நவராத்திரி வந்தது. கொலு பார்க்க வரும் பெண்ணை எல்லா வீட்டிலும் பாடச் சொல்வார்கள். பாடிவிட்டு நன்கொடை கேட்பது அவள் திட்டம். தனக்கே அந்த நோய் வந்ததை அவள் சொல்லக் கூடாது என்பது என் நிபந்தனை. சரி என்றாள்.

துணைக்குப் போன நான் விசாலம் மாமி வீட்டில் வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். மாமி சுண்டலைப் பொட்டலம் கட்டியபடி, "புத்துநோய் வந்த குழந்தை எங்கேடி பொழைக்கறது? அதுக்குப் போய் ஆராய்ச்சியாம்," என்றார்.

நித்யா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"நான் பொழைச்சேனே மாமி."

மாமியின் கை நின்றது. "அப்போ அந்த மூணு மொட்டை?"

"மருந்துல கொட்டினது. பெருமாளுக்கு ஒண்ணும் தெரியாது."

பரிதாபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மாமி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஊசி எங்கே போட்டார்கள், வலித்ததா என்று. நித்யா திரும்பி நின்று கீழ்முதுகைத் தொட்டுக் காட்டினாள். "இங்கேயா?" என்று மாமி தன் விரலை வைத்துப் பார்த்தார். "திரும்ப வருமா?"

எட்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவள் காதுபட நான் கேட்டதில்லை.

"இனிமே வராதுன்னுதான் டாக்டர் சொல்றா. ஆனா அந்த மருந்து பின்னாடி வேற ஏதாவது பண்ணுமான்னு அவாளுக்கே தெரியலை. அதையும் பார்க்கணும்."

மாமி செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, நானும் வரேன். இப்படிப் பூசி மெழுகிக் கேட்டா இந்தத் தெருவுல பத்து ரூபாதான் தேறும்."

சரஸ்வதி பூஜைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் அவள் குடித்த தம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்தார்கள். அவளும் பார்த்தாள். "இது ஒட்டாதுன்னு ரசீதுலயே அச்சடிச்சுடலாம்ப்பா," என்றாள். மறுநாள் அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவள் உடம்பு நான் காவல் இருக்க வேண்டிய ஒன்று என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதற்குள் என்ன நடந்தது என்று கேட்க அவளுக்கு ஆசை இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஒவ்வொரு வருடமும் பரிசோதனை நாள் நெருங்க நெருங்க அது தள்ளிப்போகாதா என்று இருக்கும் எனக்கு. இந்த முறை டாக்டரிடம் கேட்க ஒரு தாளில் பதினொரு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது அவளுடையவை, இரண்டு விசாலம் மாமியுடையவை. பரிசோதனைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அவ்வளவு நாளா என்று தோன்றுகிறது.