வாப்பாவின் கடைசி மெச்

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயின் வாசத்தோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். சுபஹ் தொழுதுவிட்டு வரும் வாப்பா அதை முழங்கால்களில் தேய்த்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார். சாய்ந்தமருதில் எங்கள் பக்கத்துக் கால்பந்துக் குழுவுக்கு அவர்தான் கோல் காக்கும் "கோலி". பகலில் மேசன் வேலை செய்த அவர், விடியலில் ஈரமணலில் இடமும் வலமும் பாய்ந்து விழுந்து எழும்புவார். மழை பெய்தாலும், முதல்நாள் தோற்றிருந்தாலும் அதில் மாற்றமில்லை. மண் அப்பிய அவருடைய உடுப்பைக் கழுவும்போதெல்லாம், "பந்த விட ஒங்கட வாப்பாக்கு மண்ணுலதான் ஆச" என்பா உம்மா.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வாப்பா சம்மாந்துறைக்கு ஒரு பந்தாட்ட "மெச்"சுக்குப் போயிருந்தார். எனக்கு ஒன்பது வயது. வயற்பக்கம் இருந்த சாச்சி வீட்டில் நின்றேன். எங்கள் வீட்டில் இருந்தவர்கள் உம்மாவும் எனக்கு மூத்தவனான காக்காவும்தான். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய காக்கா, ஒரு தென்னையில் மோதித் தனியே கிடந்தான். அடக்கம் செய்ய உம்மாவின் ஜனாஸா எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

பள்ளிக்கூட வகுப்பறையில் சில காலம், பிறகு தகரக் கொட்டிலில் நெடுங்காலம் என்று எங்கள் நாட்கள் போயின. காக்கா கதைப்பதை நிறுத்திவிட்டான். சோறு வைத்தால் தின்பான், கேட்டால் தலையாட்டுவான். அவன் வாயிலிருந்து ஒரு "ஓம்" கூட வராது. வாப்பாவும் முதல் சில வாரங்கள் பாயில் சுருண்டு கிடந்தார். பிறகு ஒருநாள் சுபஹுக்குப் பின், யாரோ கொடுத்த பழைய பந்தோடு கடற்கரைக்குப் புறப்பட்டார். கடலைப் பார்க்கவே ஊர் பயந்திருந்த காலம் அது.

உம்மாவின் தங்கையான சாச்சி அதைப் பொறுக்கவில்லை.

"மச்சான், ராத்தா மௌத்தாகி இன்னும் நாப்பது கழியல்ல. ஒங்களுக்குப் பந்து கேக்குதா?"

வாப்பா சத்தம் போடவில்லை. "நான் படுத்தா இந்தப் புள்ளயளும் படுத்திரும் மச்சி. எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்டுதான். காலையில எழும்பிறத்துக்கு ஏதாவது வேணும்."

அடுத்த காலை காக்காவையும் எழுப்பினார். "நீ கதைக்கத் தேவல்ல மகன். பந்த மட்டும் எறி."

காக்கா எறிந்தான். முதலில் கை தளர்ந்து எறிந்தவன், போகப்போக வாப்பாவின் முகத்தையும் நெஞ்சையும் குறிவைத்து எறிந்தான். வாப்பா தடுப்பார், விழுவார், எழும்பிப் பந்தைத் திருப்பிக் கொடுப்பார். திரும்பி வந்து எனக்குத் தலை பின்னிவிடுவார். முதலில் கோணலாக வந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார். சோறு குழைந்தால் மறுநாள் தண்ணீரைக் குறைப்பார். ஒரு குடும்பத்தை அவர் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனார்.

மாதங்கள் கழிந்து ஒரு காலை, காக்கா எறிந்த பந்து வாப்பாவின் கைக்குள் வந்து நழுவியது. அதைப் பார்த்து நின்ற காக்கா, "எனக்கும் கை வழுகிட்டு வாப்பா" என்றான். மணலில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவன் எந்தக் கையைச் சொல்கிறான் என்று உடனே விளங்கியது. வாப்பா அவனருகில் போய் நின்றார். "அது யாராலயும் புடிக்க ஏலாத தண்ணி மகன்" என்றார். பிறகு பந்தை அவன் கையில் கொடுத்து, "எறி" என்றார்.

யுத்தம் முடிந்த ஆண்டில் வாப்பாவின் முழங்கால்கள் முடிந்துபோயின. விளையாட்டை விடும் முன் பாண்டிருப்புக் குழுவோடு ஒரு கடைசி "மெச்" என்று பேசியிருந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் யோகன் மாமா. எத்தனையோ தமிழ்-முஸ்லிம் கலவரங்களுக்குப் பிறகும் வாப்பாவோடு சிநேகத்தை விடாதவர். "மெச்" நாளன்றுதான் யுத்தம் முடிந்ததென்று தெருவெல்லாம் கொடி. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். வாப்பா கையுறை போட்டுக் கோல் கம்பத்தருகே காத்து நின்றார். பாண்டிருப்பிலிருந்து யாரும் வரவில்லை. யோகன் மாமாவின் அக்காவும் பிள்ளைகளும் வன்னியில் செத்துப்போன செய்தி அன்றுதான் வந்திருந்தது. கேள்விப்பட்டதும் வாப்பா உடுப்பைக்கூட மாற்றாமல் சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போனார். பொழுதுபடும்வரை யோகன் மாமாவின் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தாராம். அந்த "மெச்" பிறகு நடக்கவே இல்லை.

மறுநாள் விடியலிலும் அவர் எழும்பினார். "இனி எதுக்கு வாப்பா?" என்று கேட்டேன்.

"மெச்சுக்காகவா மகள் இவ்வளவு நாளும் எழும்பினன்?"

வாப்பா மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. அவர் விழுந்து எழும்பிய மணலைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. அங்கே இப்போது கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். காக்கா கட்டார் நாட்டில். வேலையில் நாங்கள் இருவரும் ஒருநாளும் பிந்துவதில்லை, எதையும் பாதியில் விடுவதில்லை. அது அவர் தந்தது. ஆனால் உம்மாவுக்காக வாப்பா எங்களோடு உட்கார்ந்து ஒருநாளும் அழவில்லை. காக்கா தொலைபேசி எடுத்தால் வெயிலைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கதைப்போம். உம்மாவின் பேச்சு வரும் இடத்தில் இருவரும் நின்றுவிடுவோம். "சரி தங்கச்சி, வேலைக்கு நேரமாகுது" என்பான். எனக்கும் வேலை இருக்கும்.