ஞாயிற்றுக்கிழமை மெசேஜ்

குற்றாலத்து லாட்ஜ்களுக்குக் காய்கறி போடுவது என் தொழில். விடிந்ததும் பாவூர்சத்திரம் சந்தையில் சரக்கெடுத்து, தென்காசி வழியாக வேனை ஓட்டிக்கொண்டு போய் இறக்குவேன். என் செலவென்றால் முதலில் டீசல், அப்புறமும் டீசல்தான். என்னிடம் இருந்ததோ ஆன்லைனில் துணிமணி வாங்கினால் கேஷ்பேக் தருகிற கிரெடிட் கார்டு. மொட்டைத் தலைக்குச் சீப்பு மாதிரி.

அதை வாங்க வைத்தவள் என் மகள். சென்னையில் வேலை கிடைத்த புதிதில், என் பெயரில் ஒன்றும் அதோடு தன் பெயரில் ஒரு ஆட்-ஆன் கார்டும் போட்டாள். அவள் எங்கே தேய்த்தாலும் பில் என் கணக்கில் ஏறும், மெசேஜ் என் ஃபோனுக்கு வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்களைக் கேட்காமல் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இந்த வீட்டில் யாரும் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்றேன். யாரும் என்றால் என் மனைவி ஒருத்திதான். நான் இல்லாத நேரத்தில் அவள் மகளோடு பேசுவது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

மெசேஜ் மட்டும் நிற்கவில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து மணி வாக்கில் ஒன்று வரும். ஏதோ ஒரு பழக்கடை, நூறோ நூற்றியிருபதோ. வேறு எதற்கும் அவள் அந்தக் கார்டைத் தேய்த்ததில்லை. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஃபோன் சட்டைப்பையில் இருக்காது, கையில்தான் இருக்கும்.

போன சீசனுக்கு முன்னால் பேங்க்காரர் ஒருவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"ஆறு மாச ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க அண்ணாச்சி. பணம் எங்கன போகுதோ அங்கனதான் கேஷ்பேக் வரணும். ஒங்களுக்கு டீசல் கார்டுதான் சரி. இதை மூடிருங்க, வருஷக் கட்டணம் தண்டம்."

ஸ்டேட்மென்ட்டில் டீசலுக்கு நடுவே பழக்கடை, பழக்கடை என்று இருந்தது. "இது யாரு அண்ணாச்சி, வாராவாரம் பழம் வாங்குதது?" என்று சும்மாதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்பன் வேண்டாம், அப்பன் காசு மட்டும் இனிக்குதோ என்று ஆத்திரம் வந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டு அதை மூடிவிட்டு, டீசல் கார்டுக்கு எழுதிக்கொடுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று அந்தக் கொஞ்சமும் இல்லை.

இரண்டு ஞாயிறு போயிற்று. சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "கார்டை அப்பா மூடிட்டாகளான்னு கேட்டா. ஆமான்னேன். சரின்னு மட்டும் சொன்னா."

"சம்பாதிக்காள்லா. அவ காசுல வாங்கட்டும்."

"உங்க நூறு ரூவா அவளுக்கு என்னத்துக்கு? அந்தக் காசை மாசாமாசம் என் அக்கவுண்ட்ல போட்டுருவா. சின்னப் பிள்ளைல ஞாயித்துக்கிழமை அருவில குளிச்சிட்டு நீங்க மங்குஸ்தான் வாங்கிக் குடுப்பீகளே, அந்த நேரத்துக்குத்தான் கடைக்குப் போவா, அப்பா பாப்பாகன்னு. நீங்க பேசல. அவ அப்படியாவது பேசிக்கிட்டிருந்தா."

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலைகூடத் துவட்டாமல் பழக்கடைக்கு ஓடுகிற பிள்ளை அது. அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாளே பேங்குக்குப் போய், டீசல் கார்டுக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு கேட்டேன். அவள் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அது இன்னும் வேன் டாஷ்போர்டில் கிடக்கிறது. மனைவியை விட்டுக் கேட்கச் சொன்னால், "நீங்களே கேளுங்க" என்கிறாள். ஃபோனை எடுப்பேன், வைத்துவிடுவேன். திட்டத் தெரிந்த வாய்க்கு இது வரவில்லை.

போன ஞாயிறு குற்றாலத்தில் சரக்கை இறக்கிவிட்டு, கார்டு மெஷின் வைத்திருக்கிற பழக்கடையாகத் தேடிப் போய் அரைக்கிலோ மங்குஸ்தான் வாங்கினேன். கார்டைத் தேய்த்த மறுநொடி ஃபோன் சத்தம் கொடுத்தது. மணி பத்து. பழக்கடை என்று வந்திருந்தது. நான் வாங்கியதுதான் என்று தெரியும். தெரிந்தும், ஒரு நொடி அவள்தான் என்று நினைத்துவிட்டேன். கடைக்காரர் பையை நீட்டிக்கொண்டே நின்றார்.