போர்ஷனுக்கு நடுவில் ஒரு கதவு

மேஸ்திரியைக் கூப்பிட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மகள் சொன்னாள், மச்சினன் சொன்னான் என்று நழுவக் கூடாது. மகள் சித்தூரிலிருந்து போன் செய்து சொன்னது உண்மைதான். அவள் தம்பியின் அறையைச் சும்மா வைத்திருந்தால் அம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், போர்ஷனாக மாற்றி வாடகைக்கு விடுங்கள் நைனா, வீட்டில் மனுஷர் குரல் கேட்கட்டும் என்றாள். சரி என்றேன். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காபி வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி.

எங்களுக்கு ஆந்திர எல்லையில் சத்தியவேடு. பக்கத்தில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு இங்கே மாட்டுக்கொட்டகைக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்துப் போர்ஷன் என்கிறார்கள். என் மகனுக்கும் அங்கேதான் ஒரு கம்பெனியில் வேலை. மேஸ்திரி வருவதற்கு எட்டு மாதம் முன்பு ஷிப்ட் முடிந்து பைக்கில் கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை. வழியில் லாரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. எனக்கு அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் எப்படி இருக்கும், அப்படி இருந்தது உடம்பு முழுக்க. கிள்ளினால் கிள்ளியது தெரியும், வலிக்காது.

அவன் அறை வீட்டின் ஓரத்தில் இருக்கிறது. சந்துப் பக்கம் ஒரு கதவு, ஹால் பக்கம் ஒரு கதவு. வேலை முடிந்து வருகிறவன் சந்து வழியாக அறைக்குள் வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, ஹால் கதவைத் தள்ளிக்கொண்டு சாப்பிட வருவான். எந்த ஷிப்டுக்குப் போனாலும் அதுதான் வழக்கம். அதனால் என் மனைவி அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ் போட்டதே இல்லை.

மேஸ்திரி பிச்சாட்டூர்க்காரர். பாதி தெலுங்கு, பாதி தமிழ். அறையைச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, இதைவிட ரெடியான போர்ஷன் கிடைக்காது சார் என்றார். சந்துக் கதவு இருக்கிறது, தனி வழி ஆயிற்று. பின்னால் கிடக்கிற காலி இடத்தில் ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம் கட்டினால் முடிந்தது. நான் மண்டல ஆபீசில் வேலை செய்து ரிட்டயர் ஆனவன், வீட்டு பிளான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஈசான்ய மூலையில் பாத்ரூம் போட்டால் எவனய்யா வருவான், வருகிறவன் வாடகை கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பான் என்று பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. தண்ணி போகிற வாட்டம் அந்தப் பக்கம்தான் என்றார். அரை மணி நேரம் கத்தினோம். எட்டு மாதத்தில் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் பாத்ரூம் வேறு மூலைக்குப் போனது.

எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் காகிதத்தில் பிளான் காட்டமாட்டார்கள். கோலப்பொடியை, இங்கே முக்கு என்போம், தரையில் கோடாகப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரன் கோட்டுக்குள் நின்று பார்த்து, கட்டில் போடலாமா, அடுப்பு வைக்கலாமா என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவர் கொண்டுவந்த பொடி வேறு இடத்தில் தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் கொஞ்சம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். நான் உள்ளே போய், சமையலறை அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, ஹாலில் உட்கார்ந்திருந்த மனைவியைத் தாண்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் டப்பாவைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

பாத்ரூமுக்கு நாலு கோடு விழுந்தது. சமையலறைக்கு இரண்டு விழும்போது பக்கத்து வீட்டம்மா மதில்மேல் தலையை நீட்டி, "இன்னாண்ணா, வருஷம் திரும்பறதுக்குள்ளயே முக்கு எட்த்துட்டீங்களா?" என்றாள்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை கோலப்பொடியைத் தொடுவதில்லை. எங்கள் வகையறாவில் அது கண்டிப்பு. எட்டு மாதமாக எங்கள் வாசல் வெறும் தண்ணீர் தெளித்த வாசல். அந்த டப்பாவை நானே என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஈசான்ய மூலைக்குச் சண்டை போடத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்லவும் இல்லை. மேஸ்திரிக்கு எங்கள் விஷயம் தெரியாது. அவர் பாட்டுக்கு டப்பாவோடு ஹாலுக்குள் போனார்.

மகன் அறைக் கதவுக்கு முன்னால் குனிந்து, இந்த நிலைக்கும் அந்த நிலைக்குமாக மூன்றடி நீளத்துக்கு ஒரு கோடு போட்டார். சிவப்புத் தரையில் பளிச்சென்று விழுந்தது. இங்கே செங்கல் வைத்து மூடிவிட்டால் உங்கள் வீடு வேறு, போர்ஷன் வேறு என்றார்.

என் மனைவி எழுந்து வந்து கோட்டருகில் நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கடைக்குப் போகிறவரிடம் பை எடுத்தீர்களா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"இத்த மூடிட்டா அவன் எப்டி துன்ன வருவான்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். யார் சார் என்று கேட்க வாயெடுத்தவர், ஹால் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டார். எனக்கு எட்டு மாதம் கழித்து வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், வெளியாள் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவள் அழவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"கதவு இருக்கட்டும்மா," என்றார் மேஸ்திரி. தோளில் இருந்த துண்டை எடுத்து, முட்டி போட்டு, அந்தக் கோட்டைத் துடைத்தார். தரையில் பொடி ஒட்டாமல் இருக்க இரண்டாவது முறை ஈரத் துணி கேட்டு வாங்கித் துடைத்தார். டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தார்.

வருஷம் திரும்பிய பிறகுதான் வேலையை ஆரம்பித்தோம். போர்ஷனில் இப்போது ஒரு கணவன் மனைவி இருக்கிறார்கள், இருவருக்கும் ஸ்ரீ சிட்டியில்தான் வேலை. நடுவில் எதற்குக் கதவு என்று கேட்டார்கள். பழைய வீடு, அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பக்கம் தாழ் போட்டுக்கொள்கிறார்கள், போட வேண்டியதுதானே. எங்கள் பக்கம் அவள் போடுவதில்லை. நானும் போடுவதில்லை.